கத்திரி வெயிலில் பூந்தமல்லி வரை

பூச்செடி வாங்க மார்கழி, தை மாதங்களில் நர்சரிப் பக்கம் போகக் கூடாது என்பது என் கட்சி. அப்போது எல்லாமே பூத்திருக்கும். பெட்டூனியா, டயான்தஸ், ஆஸ்டர், ஓசூர்ப் பக்கமிருந்து வந்து இறங்கிய ஜெர்பரா என்று வரிசை கட்டி நின்று கண்ணைப் பறிக்கும். கை நிறைய வாங்கி வந்து வைத்தால் பங்குனி பிறக்கும்போது தொட்டியில் மண் மட்டும் மிஞ்சும். நர்சரிக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவை பனிக்காலத்துச் செடிகள், பனிக்காலத்தோடு போய்விட்டன. போக வேண்டியது மே மாதத்தில், அதுவும் கத்திரிக்குள், உச்சி வெயிலில். அப்போது எது நிமிர்ந்து நின்று பூக்கிறதோ அதுதான் நம் வாசலுக்கான செடி.

எங்கள் வீடு அம்பத்தூரில். மேற்குப் பார்த்த வாசல். காம்பவுண்டுச் சுவருக்கும் படிக்கும் நடுவே ஆறடி அகலத்தில் ஒரு துண்டு மண் சும்மா கிடக்கிறது. பன்னிரண்டு மணிக்கு அதன்மேல் ஏறும் வெயில் சூரியன் மறையும் வரை இறங்குவதில்லை. அதற்கப்புறமும் சுவர் அனலைக் கக்கிக்கொண்டிருக்கும். "பச்சை வலை கட்டிடலாங்க" என்றாள் மனைவி. வலைக்குக் கீழே குனிந்து போய்ப் பூப் பறிப்பதை நினைத்தால் எனக்குச் சரிப்படவில்லை. வெயிலிலேயே பூக்கிறவை எவையெவை என்று பார்த்துவிடலாம் என மின்சார ரயிலில் ஆவடி, அங்கிருந்து பஸ்ஸில் பூந்தமல்லி, அப்புறம் திருவள்ளூர் சாலை நர்சரிகள் என்று ஒரு நாள் பயணம் போட்டேன்.

சென்னை வெயில் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிறார்கள். திருவல்லிக்கேணிக்காரர் சொல்லும் வெயிலும் ஆவடிக்காரர் சொல்லும் வெயிலும் ஒன்றல்ல. மத்தியானம் கடற்காற்று கிளம்பினதும் கரையோரத்தில் அனல் தணிந்துவிடும். அதே காற்று நகரத்தைக் கடந்து அம்பத்தூருக்கும் பூந்தமல்லிக்கும் வந்து சேர நேரமாகும். சில நாள் வராமலே போகும். மேற்கிலிருந்து அடிக்கும் வறண்ட காற்று பலமாக இருந்தால் கடற்காற்றை உள்ளே விடாது. 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்திலேயே 45 டிகிரி பதிவானது. கடலுக்கு அவ்வளவு பக்கத்தில் அந்தக் கணக்கு என்றால், உள்ளே தள்ளி இருக்கும் எங்களைப் பற்றிச் சொல்ல வேண்டாம். இதோடு தொழிற்பேட்டையின் தகரக் கூரைகள், தார்ச்சாலை, மொட்டை மாடிகள். செடிக்குப் பகல் வெயிலைவிட இரவிலும் ஆறாத இந்தச் சூடுதான் பெரிய பாடு. பகலில் தளர்ந்த இலை இரவில் தேறிக்கொள்ள அவகாசமே கிடைப்பதில்லை.

அம்பத்தூரில் காலை ரயிலேறி, அடுத்த நிலையமான திருமுல்லைவாயிலிலேயே இறங்கிவிட்டேன். காரணம் இருக்கிறது. தண்டவாள ஓரம் முழுக்க எருக்கு. யாரும் நடவில்லை, யாரும் தண்ணீர் விடவில்லை. கருங்கல் ஜல்லி கொதிக்கும் இடத்தில் சாம்பல் பூத்த அகன்ற இலைகளோடு இடுப்பளவு நிற்கிறது. பக்கத்தில் போய்ப் பார்த்தால் இலைமேல் இருப்பது தூசியில்லை, மாவு போன்ற மெழுகுப் படலம். விரலால் தேய்த்தால் கீழே பச்சை தெரிகிறது. வெயிலில் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பவும், உள்ளே இருக்கும் ஈரத்தைக் காக்கவும் அந்தப் பூச்சு. பூவோ ஊதா விளிம்பிட்ட ஐந்து இதழ், நடுவில் ஒரு சின்ன கிரீடம். தொட்டால் மெழுகில் வார்த்ததுபோல் விறைப்பாக இருக்கிறது. இதை எந்த நர்சரியிலும் கவரில் போட்டு விற்பதில்லை. விநாயகர் சதுர்த்தி அன்று மட்டும் மாலையாகக் கட்டி விற்பார்கள்.

இந்த எருக்குக்கு மரியாதை கொடுத்த கோயில் நிலையத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிறது. மாசிலாமணீசுவரர் கோயில். கருவறைக்கு முன்னே இரண்டு வெள்ளெருக்குத் தூண்கள். குறும்பர்களை வென்ற தொண்டைமான் அவர்கள் கோட்டையிலிருந்து கொண்டுவந்தவை என்பது தலவரலாறு. அந்தத் தொண்டைமான் வந்தபோது யானையின் காலில் முல்லைக்கொடி சுற்றிக்கொண்டது, வாளால் வெட்டினான், கொடிக்கு அடியிலிருந்த லிங்கத்தில் இரத்தம் கசிந்தது என்று கதை போகிறது. சுந்தரர் பாடிய தலம். நந்தி இங்கே சுவாமியைப் பார்க்காமல் கிழக்கே வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. தலவிருட்சம் முல்லை. ஆக, ஒரே கோயிலில் இந்த வட்டாரத்து வெயிலுக்கு அசராத இரண்டு பூச்செடிகளுக்கு இடம் இருக்கிறது: தூணாக ஒன்று, கொடியாக ஒன்று. தோட்டக்கலைப் புத்தகங்களைப் புரட்டுவதற்கு முன் இந்தப் பிராகாரத்தை ஒரு சுற்று வரலாம்.

வாசலில் பூ விற்ற அம்மாவிடம் முல்லை கேட்டேன்.

"முல்லை இன்னிக்கு வரலப்பா. குண்டுமல்லிதான் இருக்குது. வெயிலு ஏற ஏற மல்லி கொட்டும். பனியில கேட்டுப் பாரு, ஒரு மொழம் என்ன வெல சொல்றோம்னு."

மல்லிச் செடிக்கு வெயில் தாங்கும் சக்தி உண்டு என்று சொல்வது போதாது. அதற்கு வெயில் வேண்டும். பங்குனியில் ஆரம்பித்து ஆனி வரை மொட்டு வைத்துத் தள்ளும். பனி இறங்கினால் சோம்பிவிடும். மார்கழியில் மல்லி விலை ஏறுவதற்கும் சித்திரையில் கூறுகட்டி விற்பதற்கும் இதுதான் காரணம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரைப்படி நடுவதற்கு ஜூன் முதல் நவம்பர் வரை ஏற்ற காலம். நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் விட்டு மற்றதைக் கவாத்து செய்துவிட வேண்டும். மனசு கேட்காமல் விட்டுவிட்டால் கொடியும் இலையுமாகப் படர்ந்து, பூ குறைந்துபோகும். எங்கள் பக்கத்து வீடுகளில் இருக்கிற பாதி மல்லிச் செடிகள் இந்தப் பாசத்தால் கெட்டவைதான்.

ஆவடியில் இறங்கினதும் மேலே பார்க்க வேண்டியிருந்தது. பழைய குடியிருப்புகளின் சாலைகளில் சரக்கொன்றை இலையை உதிர்த்துவிட்டு மஞ்சள் சரம் சரமாகத் தொங்குகிறது. மயில்கொன்றை ஒரேயடியாகச் சிவந்து கிடக்கிறது. இரண்டும் கத்திரியைத் தேர்ந்தெடுத்துப் பூக்கிறவை. ஆறடி மண்துண்டுக்காரனுக்கு ஆகாது. இடம் இருக்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

பூந்தமல்லி பஸ் பருத்திப்பட்டு ஏரியை ஒட்டிப் போகிறது. 2019ல் கரையைச் சீரமைத்துப் பசுமைப் பூங்காவாக்கிவிட்டார்கள்; காலையிலும் சாயங்காலமும் ஆவடி ஜனம் அங்கேதான் நடக்கிறது. பதினொன்றரை மணிக்கு ஆளரவமே இல்லை. ஆனால் எதிரே ஒரு வீட்டின் காம்பவுண்டைப் பார்த்ததும் நான் இறங்கிவிட்டேன். சுவர் தெரியவில்லை. மேலிருந்து கீழ்வரை காகிதப்பூ. இலை பத்துக்கு ஒன்றுகூடத் தெரியாத அளவுக்கு ராணி கலர். வேர் இருக்கும் இடத்தைத் தேடினேன்: சுவருக்கும் சாலைக்கும் நடுவே சிமென்ட் பெயர்ந்த ஒரு சாண் ஓட்டை.

நாம் பூவென்று பார்ப்பது பூ இல்லை. ஒரு கொத்தைக் கையில் எடுத்துப் பிரித்தால் மூன்று வண்ண இலைகள். ஒவ்வொன்றின் நடுநரம்பிலும் ஒரு மெல்லிய குழாய் ஒட்டியிருக்கிறது. அதன் வாயில் வெள்ளையாக ஒரு குட்டி நட்சத்திரம். அந்த நட்சத்திரம்தான் பூ. ஓரிரு நாளில் அது வாடினாலும் வண்ண இலை வாரக்கணக்கில் நிற்கும். மெல்லிசாக இருப்பதால் அதில் தண்ணீர் செலவும் அதிகமில்லை. காகிதப்பூவை வளர்ப்பவர்கள் கெடுப்பது தண்ணீர் ஊற்றித்தான். நிறையத் தண்ணீரும் எருவும் கிடைத்தால் ஆள் உயரத்துக்குப் பச்சைக் கிளையும் முள்ளும் விடும், பூக்காது. காயப் போட்டு, இலை லேசாகத் துவளும்போது தண்ணீர் காட்டினால் பொங்கிக்கொண்டு வரும்.

இது நம்மூர்ச் செடியுமல்ல. பிரெஞ்சு மாலுமி பூகன்வில் உலகைச் சுற்றிவரக் கிளம்பிய பயணத்தில் வந்த தாவரவியலாளர் கொமெர்சன், 1767ல் பிரேசிலின் ரியோ கரையில் இதைக் கண்டெடுத்துத் தலைவர் பெயரைச் சூட்டினார். அவருக்கு உதவியாளாக வந்தவர் ஜான் பரே. ஆண் வேடம் போட்டுக் கப்பலேறிய பெண். உலகைச் சுற்றிவந்த முதல் பெண் என்று அவரைச் சொல்கிறார்கள். செடிக்கு அவர் பெயரை வைத்திருந்தால் இன்னும் பொருத்தமாக இருந்திருக்கும். வெள்ளையும் ரோஸும் ஒரே செடியில் கலந்து பூக்கிற ரகம் ஒன்றை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 'மேரி பால்மர்' என்று பெயர். அது கல்கத்தா தோட்டக்கலைச் சங்கத்துத் தோட்டத்தில், 'மிஸஸ் பட்' என்ற சிவப்பு ரகத்தின் ஒரு கிளை தானாக மாறியதில் பிறந்தது. என் சுவருக்கு அதைத்தான் அங்கேயே மனசுக்குள் முடிவு செய்தேன்.

கரையான்சாவடி தாண்டிப் பூந்தமல்லி. தலைக்கு மேலே மெட்ரோ தூண்கள், கீழே எந்தப் பக்கமிருந்து எந்த பஸ் வரும் என்று தெரியாத நெரிசல். அதற்குள்ளே ஒரு தெரு திரும்பினால் வரதராஜப் பெருமாள் கோயில். நடை சாத்தியிருந்தார்கள், வாசலோடு நின்றுகொண்டேன். இராமானுஜருக்குக் காஞ்சி வரதரிடமிருந்து ஆறு வார்த்தை வாங்கித் தந்த திருக்கச்சி நம்பிகள் பிறந்த ஊர் இது. உள்ளே அவருக்குத் தனிச் சன்னிதி உண்டு. பதினோராம் நூற்றாண்டில் இந்த ஊரில் நந்தவனம் வைத்து, பூப்பறித்து, மாலை கட்டிக் காஞ்சிபுரம் வரதருக்குக் கொண்டுபோனார் என்பது குருபரம்பரைச் செய்தி. பூந்தமல்லிக்கும் காஞ்சிக்கும் ஐம்பது கிலோமீட்டர் இருக்கும். பக்தியை நான் அளக்கப் போவதில்லை; தோட்டக்காரனாக எனக்குத் தோன்றுவது வேறு. போர்வெல் இல்லை, டிரிப் குழாய் இல்லை, ஷேட் நெட் இல்லை. கிணற்றுத் தண்ணீரை இறைத்து, இதே வெயிலில், நாள் தவறாமல் சாமிக்குப் பூத் தர வேண்டும். ஒரு நாள் செடி பொய்த்தாலும் கைங்கரியம் நின்றுபோகும். இப்படிப்பட்ட நந்தவனங்களில்தான் மல்லி, நந்தியாவட்டை, அரளி, செம்பருத்தி எல்லாம் தலைமுறை தலைமுறையாகத் தேர்வாகி வந்தன. கோயிலுக்கு ஆகிற பூக்களின் பட்டியலைப் பாருங்கள், பெரும்பாலும் வெயிலுக்கு ஆகிற பூக்களின் பட்டியலாகவே இருக்கும்.

திருமழிசைக்குப் பஸ் பெங்களூர் சாலையில் ஏறியதும் நடுத்திட்டில் அரளி. ரோஸ், வெள்ளை, சிவப்பு. லாரிப் புகையில் குளித்தபடி பூத்திருக்கிறது. எதிர்வண்டி விளக்கின் கூச்சத்தை மறைக்கும்; ஆடு மாடு வாய் வைக்காது; மழையில்லாத மாதங்களைச் சமாளிக்கும். நெடுஞ்சாலைக்காரர்களுக்கு வேறென்ன வேண்டும்? அரளி இலையின் அடிப்பக்கத்தில் மூச்சு விடும் துளைகள் வெளியே இல்லாமல் சின்னச் சின்னக் குழிகளுக்குள் இருக்கின்றன. குழி வாயை ரோமம் மூடியிருக்கும். அனல்காற்று வந்து ஈரத்தை நேராக உறிஞ்ச முடியாது. ஆனால் செடி முழுக்க விஷம். மஞ்சளரளி விதையைப் பற்றித் தமிழ்நாட்டில் விளக்கத் தேவையில்லை. எதிர்வீட்டுக் குழந்தை எங்கள் வாசலில்தான் நாள் முழுக்க விளையாடும் என்பதால் அரளியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன், மனசில்லாமல்தான்.

திருமழிசை தாண்டி வெள்ளவேடு போகும் சாலையில் நர்சரிகள் அடுத்தடுத்து இருக்கின்றன. பெரும்பாலான செடி இங்கே முளைத்ததல்ல. ஆந்திராவில் ராஜமுந்திரிக்குப் பக்கத்துக் கடியத்திலிருந்து லாரியில் வருகிறது. ரோஜா ஓசூர்ப் பக்கமிருந்து. கடியத்துச் செடி கோதாவரிக் கரைக் களிமண் உருண்டையோடு வரும். அந்த உருண்டையை உதிர்க்காமல் நட்டால் நம் வெயிலில் அது செங்கல்லாக இறுகி, நாம் ஊற்றும் தண்ணீர் ஓரமாகவே வழிந்துவிடும்.

ஒரு நர்சரியில் ஒரு அம்மா குழாயை மடித்துப் பிடித்துத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். நல்ல வெயில் செடியாகக் காட்டச் சொன்னேன்.

"ரோட்டோரம் வெளியில நிக்கறது எல்லாம் வெயில் செடி சார். வலைக்குள்ள இருக்கறதைத் தொடாதீங்க."

"அதே செம்பருத்தி உள்ளேயும் இருக்கே?"

"அது நேத்து வந்தது. எடுத்துனு போய் நேரா வெயில்ல வெச்சீங்கன்னா இலை கருகிடும். கொஞ்ச நாளு காலை வெயிலு மட்டும் காட்டிப் பழக்கணும். இங்க நிக்குதே, இது பழகிடுச்சி."

பூச்செடி வாங்கப் போகிறவர்கள் இந்த ஒரு வார்த்தையை முடிந்து வைத்துக்கொள்ளலாம். எந்த ரகம் என்று கேட்பதற்கு முன்னால் எங்கே நின்றது என்று கேட்க வேண்டும்.

வெளியே நின்றவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். டேபிள் ரோஸ் தரையோடு தரையாக மஞ்சளும் ஆரஞ்சுமாக விரிந்திருந்தது. பத்து மணிப்பூ என்றும் சொல்வார்கள். வெயில் வந்தால்தான் கண் திறக்கும். சதைப்பற்றான இலையில் தண்ணீரைச் சேர்த்து வைத்திருக்கிறது. ரொம்பக் காய்ந்தால் பகலில் மூச்சுத் துளைகளைச் சாத்திவிட்டு இரவில் காற்றை வாங்கிக்கொள்ளும் வித்தையும் அதற்குத் தெரியும். பக்கத்தில் அடீனியம், அடிமரம் குடம் மாதிரி பருத்து. அரேபியா, கிழக்கு ஆப்பிரிக்கா பக்கத்து ஆள், இந்த வெயில் அதற்கு வீட்டு வெயில். இட்லிப்பூ கொத்துக் கொத்தாகச் சிவந்திருந்தது. ஆனால் எங்கள் போர் தண்ணீர் உப்பு. சுண்ணாம்புச் சத்து ஏறிய மண்ணில் இட்லிப்பூவால் இரும்பை எடுத்துக்கொள்ள முடியாது; இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அதற்கு வெயில் பிரச்சினையே இல்லை, பிரச்சினை தண்ணீர். செம்பருத்தியில் விரித்த குடை அளவு கலப்பினப் பூக்களும் இருந்தன. நான் ஒற்றை அடுக்குச் சிவப்புக்குத்தான் கை காட்டினேன். கோடையில் மாவுப்பூச்சி அதையும் பிடிக்கும்; தண்ணீரைப் பீய்ச்சி அடித்து, கொஞ்சம் வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்தால் தேறிவிடும்.

அப்புறம் நித்தியகல்யாணி. கிராமத்தில் சுடுகாட்டு மல்லி என்று வீட்டில் வைக்கமாட்டார்கள்; நர்சரியில் வின்கா என்றால் பத்து நிறத்தில் வாங்கிப் போகிறார்கள். மடகாஸ்கரிலிருந்து வந்த செடி. இதன் இலையில் கிடைக்கிற சத்திலிருந்துதான் வின்பிளாஸ்டின், வின்கிறிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்துகள் வந்தன. சுவரிடுக்கில் தானே முளைக்கிற பழைய ரோஸ் நிற ரகத்தைக் கொல்லக்கூட முடியாது.

இவ்வளவு நேரம் வெயிலைப் பற்றியே பேசிவிட்டேன். எங்கள் பக்கத்தில் இன்னொரு பரீட்சை இருக்கிறது. சென்னையின் ஒரு வருஷ மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்க்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தண்ணீர் தேங்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். 2019 கோடையில் வறண்டு தரை தெரிந்த செம்பரம்பாக்கம் ஏரிதான் 2015 டிசம்பரில் திறந்துவிடப்பட்டு அடையாற்றை நிரப்பியது. ஒரே மண், மே மாதம் வெடிக்கும், நவம்பரில் நாலு நாள் தண்ணீரில் நிற்கும். வெயில் தாங்கும் செடிகள் என்று பட்டியல் போடுகிறவர்கள் இந்த இரண்டாவது பாதியை விட்டுவிடுகிறார்கள்.

அந்த அம்மாவிடம் கேட்டேன், இதில் ஐப்பசி மழைக்கு நிற்பது எது?

சிரித்தார். "இப்பத்தான் சார் சரியா கேக்கறீங்க." கலர் வின்காவைக் காட்டி, "ஒரு வாரம் விடாம பேஞ்சா அடியில கருத்து விழுந்துடும்" என்றார். "அடீனியம் தரையில வைக்கவே வைக்காதீங்க. அந்தக் குண்டு அழுகிடும். தொட்டியில வெச்சி, மழை வந்தா சன்ஷேடுக்குக் கீழ தள்ளிடுங்க. டேபிள் ரோஸும் போகும், ஆனா ரெண்டு குச்சி தப்பிச்சா மறுபடி வந்துடும். காகிதப்பூவுக்குத் தண்ணி நிக்காத மேட்டுல இடம் குடுங்க. நந்தியாவட்டை, செம்பருத்தி, மல்லி, இதுங்களுக்கு ஒண்ணும் ஆவாது, தண்ணி வடிஞ்சிட்டா போதும்."

வெயிலையும் வெள்ளத்தையும் வைத்துக் கழித்துப் பார்த்தபோது மிஞ்சியவை இவ்வளவுதான்: சுவருக்கு மேரி பால்மர் ஒன்று, குண்டுமல்லி இரண்டு, ஒற்றைச் சிவப்புச் செம்பருத்தி, மூலைக்கு அடுக்கு நந்தியாவட்டை, ஓரத்துக்கு டேபிள் ரோஸ். அடீனியம் ஒன்று, தொட்டியில். நம்பிகள் காலத்து ஆள் யாராவது பார்த்தால், இதற்கா ஒரு நாள் முழுக்க அலைந்தாய் என்று கேட்பார்.

பணத்தை எடுத்ததும் அந்த அம்மா தடுத்தார். "இப்ப எடுத்துனு போகாதீங்க சார். இந்த வெயில்ல பை கிழிச்சி நட்டா வேரு பிடிக்காது. ரெண்டு மழ வுழட்டும், ஆடியில வாங்க, எடுத்து வெக்கறேன்." ஐப்பசி மழைக்கு முன்னால் வேர் இறங்க மூன்று மாசம் கிடைக்கும் என்பது அவர் கணக்கு. அதற்குள் அந்த ஆறடி மண்ணைச் செம்மண், எரு, தேங்காய்நார்த் தூள் போட்டு ஒரு அடி உயர்த்திக்கொள்ளச் சொன்னார். அடியில் உடைந்த செங்கல், தண்ணீர் தெருப்பக்கம் வடிய ஒரு சரிவு. முன்பணம் கொடுத்துவிட்டு, அவர் கிள்ளிக் கொடுத்த டேபிள் ரோஸ் குச்சிகளை மட்டும் ஈரத்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு திருவள்ளூர் பஸ்ஸில் ஏறினேன். திருவள்ளூரில் ரயில் பிடித்தால் அம்பத்தூருக்கு உட்கார்ந்தே போகலாம்.